லோஷினியின் வெப்சைட்டும் ராஜம்மாவின் வாயும்

3.1.2025, வெள்ளி

லோஷினிக்கு உலு திராமில் மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இடம் கிடைத்துவிட்டது. என் மூத்தவன் மகள், என்னோடுதான் இருக்கிறாள். அடி வாங்கிய பெண்களிடம் பேசி மனசைத் தேற்றுகிற வேலை. அதற்குப் படித்திருக்கிறாள். என் காலத்தில் அந்த வேலையைக் குழாயடியில் செய்தார்கள். மறுநாள் எஸ்டேட் லயத்து வீடுகள் முழுக்கப் பரப்பியும் விட்டார்கள்.

இப்போது பேச்செல்லாம் வெப்சைட்தான். ரெடிமேட் ஒன்று இருக்கிறதாம், டெம்ப்ளேட். பேரையும் படத்தையும் மாற்றினால் ஒரு வாரத்தில் திறக்கலாம். யாராவது பதிந்தால் அதுவே பதில் அனுப்பும், அதுவே ஞாபகப்படுத்தும். இன்னொன்று அளவெடுத்துத் தைக்கிற மாதிரி. சினேகிதி சுபத்திரா செய்து தருவாள், மூன்று மாதம் ஆகும்.

சுபத்திரா ஆயிரம் கேள்வி கேட்கிறாள். பக்கத்தில் ஒரு பொத்தான் வைப்பாளாம், அழுத்தினால் எல்லாம் மறைந்து சமையல் குறிப்பு வருமாம்.

“கடைக்கு வந்தவள வெரட்டுறதுக்கு ஒரு கதவா?” என்று கேட்டேன்.

“வெரட்ட இல்ல பாட்டி. பார்த்துக்கிட்டு இருக்கும்போது புருசன் பின்னால வந்து நின்னா?” என்றாள் சுபத்திரா.

இவள் தாத்தா எங்கள் எஸ்டேட் கிராணி, ஆபீஸ் கணக்குப்பிள்ளை. ஒருநாளாவது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “ஏய்”தான். கிராணி பேத்தி எனக்குப் பாடம் சொல்கிறாள்.

4.1, சனி

ராஜம்மா போன் செய்தாள். என் புருசனின் தங்கை. அவள் பேரனும் இதே தொழிலாம். கெலாங் பாத்தாவில் தைப்பூசத்தன்று திறக்கிறார்களாம். “நம்ம குடும்பத்துலயே மொதல்ல நாங்கதான், அண்ணி” என்றாள்.

மொதல்ல.

1980 நவம்பர், புதன்கிழமை. கோத்தா திங்கி எஸ்டேட். என்னைக் கூட்டிப் போகச் சொல்லி ஸ்கூடாயில் இருந்த என் அண்ணனைப் பார்க்கப் போனேன். ராஜம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். பஸ் திரும்பி வரும்போது சைக்கிள் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு என் புருசன் தங்கராஜு ஸ்டாப்பிலேயே நின்றார். பதினோரு அடி. எண்ணினேன். எட்டாவது அடியில் இடது காது போனது. வயிற்றில் விஜயன், ஐந்து மாதம். இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டேன், அதனால்தான் தலையில் பட்டது. ராஜம்மா எதிரே வீட்டு வாசலில் நின்று அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புடைப்பதை நிறுத்தவே இல்லை.

அவள் முதலில் திறப்பாளா?

6.1, திங்கள்

லோஷினியிடம் சொல்லிவிட்டேன், ரெடிமேட்தான்.

“சுபத்திரா சொல்றதுலயும் நியாயம் இருக்கு பாட்டி. கொஞ்சம் பொறுப்போமே.”

“பொங்கலுக்குத் தெறக்கல, நான் அந்தப் படி ஏறமாட்டேன். செத்தாலும் நீ வந்து பாக்காதே.”

அழுதாள். பிறகு சரி என்றாள். நான் சொன்னால் அவள் தட்டமாட்டாள், அது எனக்குத் தெரியும்.

14.1, பொங்கல்

திறந்தாயிற்று. விஜயனும் அவன் பெண்டாட்டி மலரும் வந்தார்கள். மலர் இந்த வெயிலில் முழுக்கை போட்டிருந்தாள். ஃபேஷனாம். பிள்ளையில்லாதவளுக்கு ஃபேஷன் ஒன்றுதான் குறை என்று சொன்னேன். சிரித்தாள்.

விஜயன் கேலிக்காரன். “லோஷினி, ஒன் சித்திக்கு மண்டை கழண்டு போச்சு லா. மொத கேஸா எடுத்துக்க” என்றான். எல்லாரும் சிரித்தோம். அந்தச் சங்கிலிக்குத் தப்பிப் பிறந்த பிள்ளை.

15.1

ராஜம்மாவுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

21.1, செவ்வாய்

மலர் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாளாம், விஜயன் சொன்னான். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறான். அந்த வழவழப்புத் தரையை மாற்றச் சொல்ல வேண்டும்.

22.1, புதன்

வழுக்கி விழவில்லை.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. இடது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு. கையைத் தூக்கித் தலையைக் காப்பாற்றினால்தான் அந்த இடம் முறியும். முன்பல் இரண்டு இல்லை. ஒன்றை விழுங்கிவிட்டாள். முழுக்கைக்குள்ளே பழைய காயம், மஞ்சளும் பச்சையுமாக. “கீழ விழுந்துட்டேன் அத்தை” என்றாள். இந்த வசனத்தை நான் எத்தனை எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெசரிடம் சொல்லியிருக்கிறேன்!

லோஷினி போனைக் காட்டினாள். மலர் யாருக்கும் சொல்லாமல் வெப்சைட்டில் பதிந்திருக்கிறாள். “நான் பாக்கிறதுக்கு முன்னாடியே அதுவே அனுப்பிடுச்சு பாட்டி. சித்தின்னு தெரிஞ்சிருந்தா ஓடிப் போயிருப்பேனே.”

“வணக்கம் மலர்! நாளை மதியம் 3 மணிக்கு உங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறோம்!” பக்கத்தில் ஒரு சிரிக்கிற மூஞ்சி. கீழே இடம், வேலை என்னவென்று விளக்கம், எல்லாம். மலர் குளித்துக்கொண்டிருந்தாள், போன் சாப்பாட்டு மேசையில். திறக்கவே வேண்டாம், மேலேயே தெரியுது.

“ஊரு பூரா என்னைப் பத்திச் சொல்றியா?” என்று கேட்டுக் கேட்டு விஜயன் அடித்தானாம். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டால்.

என் பையன். என் வயித்துல இருந்தவன். நான் ஏன் பாக்கல? தெரியாமலா பாக்கல?

அந்த மெசேஜ் செய்ததுதான் ராஜம்மா செய்தது. அதைக் கொண்டுவந்து உட்கார வைத்தது யார்? நான்தானே.

23.1

நாற்பத்து நாலு வருசம் ராஜம்மாவைத் திட்டினேன். இன்றைக்கு யாரைத் திட்டுவது?

26.1, ஞாயிறு

மலரை நேற்று என் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். விஜயன் வந்தான்.

“மலர் எங்கம்மா?”

“இங்க இல்ல.”

“செருப்பு வாசல்ல கெடக்கு. பொய் சொல்லாதீங்க.”

உள்ளறைக் கதவை உதைத்தான். மறித்தேன். தோளைப் பிடித்துத் தள்ளினான். ஐஸ்பெட்டி முனை உதட்டில் இடித்தது, வாயெல்லாம் ரத்தம். கதவு இரண்டாவது உதைக்குப் பிளந்தது. உள்ளே மலர் கத்தவில்லை. கத்தாமல் இருக்கப் பழகியிருக்கிறாள்.

கல் அடுப்பில்தான் இருந்தது. துணியைச் சுற்றிப் பிடித்து அவன் கையில் வைத்தேன். கை தவறி அல்ல. வைத்து அழுத்தினேன். தோல் சுர்ரென்றது, கோழி வாட்டுகிற வாடை.

“அம்மா!” என்றான். காய்ச்சலில் கூப்பிடுகிற அதே குரல். கல்லை எடுத்துவிட்டேன். அவன் மற்றக் கையை ஓங்கினான். கல்லை அவன் முகத்துக்கு நேரே தூக்கினேன்.

“இன்னொரு அடி எடுத்து வச்ச, மூஞ்சியிலதான்டா.”

லோஷினி போலீசுக்குப் போன் போட்டாள். வரும்வரை கல்லைக் கீழே வைக்கவில்லை. அவனை ஏற்றும்போது கையைப் பார்த்தேன். கொப்புளம் எழும்பிவிட்டது.

28.1, செவ்வாய்

போலீசில் வாக்குமூலம். “மாச்சிக்கின் மகனா?” என்று ஒரு மலாய்ப் பெண் அதிகாரி இரண்டு முறை கேட்டாள், மாச்சிக் என்றால் அத்தை. இரண்டு முறையும் ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்தால் ராஜம்மா போன். “அண்ணி, பெத்த புள்ளையவே புடிச்சுக் குடுத்தீங்களாமே?”

“ஆமா. நீ ஒங்க அண்ணனப் புடிச்சுக் குடுத்திருந்தா எனக்கு எடது காது இருந்திருக்கும்.”

வைத்துவிட்டேன்.

10.2, திங்கள்

ரெடிமேட்டை, மலரை ஆஸ்பத்திரியில் பார்த்த அன்றைக்கே மூடிவிட்டோம். இன்று சுபத்திராவை வரச்சொல்லி எதிரில் உட்கார வைத்தேன். “ஒன் தாத்தா என்னை ஏய்னுதான் கூப்பிடுவாரு.”

“எனக்குத் தெரியாது பாட்டி. ஒங்க பேரு என்ன?”

அங்கம்மா என்றேன். எழுதிக்கொண்டாள்.

தெரிந்ததெல்லாம் சொன்னேன். அடிக்கிறவன் முதலில் எதைப் பார்ப்பான்? அப்போது செருப்பில் ஒட்டிய மண், பஸ் டிக்கெட். இப்போது போன். ஆகவே மெசேஜ் போகவே கூடாது. அழுகிற பொம்பளை படம் வேண்டாம், சிரிக்கிறவளும் வேண்டாம். அவள் சொன்ன நேரத்தில் மட்டும் கூப்பிட வேண்டும். வேறு யாராவது எடுத்தால், தையல்கடை, பிளவுஸ் ரெடி என்று சொல்ல வேண்டும். அந்தச் சமையல் குறிப்புப் பொத்தான் பெரியதாக இருக்கட்டும், கை நடுங்கும்போது சின்னது அகப்படாது.

மூன்று மணி நேரம். சுபத்திரா நடுவில் ஒருமுறை எழுந்துபோய் முகம் கழுவிவந்தாள்.

11.2

தைப்பூசம். கெலாங் பாத்தாவில் திறந்திருப்பார்கள். எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது.

12.4, சனி

விஜயன் ஜாமீனில் வந்து சினேகிதன் வீட்டில் இருக்கிறான். ஜாமீனுக்கு என்னைத்தான் முதலில் கேட்டார்கள். முடியாது என்றேன். மலர் பிளந்த கதவை மாற்றிவிட்டாள், உள்ளிருந்து பூட்டுகிற மாதிரி.

சுபத்திரா மூன்று மாத வேலையை இரண்டே மாதத்தில் முடித்துவிட்டாள். திறப்பதற்கு முன் என்னையே பதிந்து பார்க்கச் சொன்னாள். லோஷினி எழுத்தைக் காட்டக் காட்ட நான் அழுத்தினேன். பேர்: அங்கம்மா. கூப்பிட ஏற்ற நேரம்: காலை பத்து. யாருக்குத் தெரியக்கூடாது? தங்கராஜு என்று விரல் போனது. அவர் செத்துப் பத்தொன்பது வருசம். அழித்துவிட்டு விஜயன் என்று போட்டேன். உறவு: மகன்.

அனுப்பினேன். போனை மேசைமேல் மல்லாக்க வைத்து மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மலர் வந்து என் பின்னால் நின்றாள். கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு மெசேஜ் சத்தமும் வரவில்லை.