ஐரிஸ் மொட்டின் தாடி

செவ்வாய்க்கிழமை.

நான் பார்த்துக்கொள்ளும் பங்களாத் தோட்டத்தில் இரண்டு பழைய ஐரிஸ் பூச்செடி வகைகள். இரண்டுமே ஊதா. தொங்கும் இதழில் தாடி போல இருக்கும் மயிர்க்கொத்து மஞ்சளா, வெள்ளையா என்று பார்த்தால்தான் பெயர் சொல்ல முடியும். பெயர் தெரியாத செடியை நாளைக்குப் பிடுங்கச் சொல்லிவிட்டார் துரை. பெயர் தெரியாமல் பாக்கி ஒரு செடி, அதில் ஒரே மொட்டு. களையெடுக்க வந்த செல்வி அதைக் கிள்ளிவிட்டாள். இருபது வருடம் தேயிலைக் கொழுந்தெடுத்த கை.

“கை தானா போயிருச்சுண்ணே.”

“மலையில கிள்ளுற மாதிரி இங்கேயும் கிள்ளுவியா? அறிவில்ல?” என்று கத்தினேன். அழுதுகொண்டே லயத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆத்திரத்தில் மொட்டைப் பிய்த்தேன். உள்ளே மஞ்சள் தாடி. செடியருகே பெயர்ப்பலகை எழுதி நட்டாயிற்று; இனி பிடுங்க மாட்டார்கள். மூன்று நாளாக விரியுமா விரியுமா என்று காத்திருந்த எனக்கு, பிய்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு அவளும் வருவாள்.