என் கப்பலுக்குச் சும்மா வந்தவர்

என் செல்ல வாலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் இடது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம், அந்த முழங்காலும் மழை விட்டால் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கிச் சிரித்த முகமாக இருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் வாயைத் திறந்ததுமே அப்பா பின்னால் வந்து நின்று சிரிப்பார், எனக்குப் பேச்சு வராது, அதனால்தான் கடிதம்.

முதலில் நீ அனுப்பிய விஆர் கண்ணாடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வருடமாகக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிற எனக்கே அதை மாட்டியதும் தலை கிறுகிறுத்துவிட்டது. பிறகு கடையிலிருந்து அளவுகோலைக் கொண்டுவந்து என் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளந்து, அதன்படி உள்ளே இருக்கிற லென்ஸைத் தள்ளிவைத்தேன், கிறுகிறுப்பு பாதி போயிற்று. இதை அந்தப் பெட்டியின் மேலேயே கொட்டை எழுத்தில் போட்டால் என்ன கேடு. மீதி பாதி போகவில்லை என்பது அதற்குள் தெரிகிற கோபுரத்தின் உச்சியில் நின்றபோதுதான் தெரிந்தது. விழப்போகிறேன் என்று கைப்பிடியைப் பிடித்தேன், பிடித்தது நம் கூடத்துத் திரைச்சீலை, கம்பியோடு என் தலையில் வந்து விழுந்தது. அப்பா ஓடிவந்து பார்த்தால் நான் தரையில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கீழே இறக்கிவிடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேனாம். ஆகவே என் முடிவு, அது விருந்தாளி மாதிரி, வாரத்துக்கு ஒருநாள் வந்தால் நல்லது. நீ விட்டுப்போன பழைய கேம் கன்சோல்தான் வீட்டு மனுஷி. எங்கள் கடை முதலாளி புதிதாக ஒன்று வாங்கிவைத்திருக்கிறார், படம் பளபளக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் உட்கார்ந்த உடனே அப்டேட் அப்டேட் என்று அரைமணி நேரம் காக்கவைக்கிறது. விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு வாசலிலேயே நிறுத்திப் பேசுகிற வீடு மாதிரி. நம்முடையது அப்படியில்லை, பொத்தானை அமுக்கினால் வந்துவிடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ ஊருக்குப் போன பிறகு நான் அந்தக் கப்பல் ஆட்டத்தில் இறங்கியது உனக்குத் தெரியும். நெட் வழியாக அவரவர் இடத்திலிருந்தே நான்கு பேர் சேர்ந்து ஒரு கப்பலை ஓட்ட வேண்டும், ஒருவர் சுக்கான், ஒருவர் பாய், ஒருவர் பீரங்கி, ஒருவர் ஓட்டையை அடைக்க. தினமும் மாலை ஆறிலிருந்து ஏழு வரை. நான்தான் கேப்டன். ஒரு பேக்கரிக்காரரும் ஒரு நர்ஸும் நிரந்தரமாக வருவார்கள், நான்காவது ஆள்தான் நிலைக்காது. போன மாதம் ஒருவர் வந்தார், பெயர் ‘சும்மா வந்தவர்’. மைக்கில் பேசவே மாட்டார். ஓட்டையை அடைப்பார், அடைத்துவிட்டு நகராமல் அதையே திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார், அதற்குள் இன்னொரு பக்கம் தண்ணீர் இடுப்பளவு வந்துவிடும். மூன்று நாளில் மூன்று கப்பல் முழுகியது. எனக்கு வந்த கோபத்தில் வாய்க்கு வந்ததைப் பேசினேன் வாலு, மறைக்காமல் சொல்கிறேன். ஆமை என்றேன். சும்மா வந்தவர் சும்மாவே போய்விடலாம் என்றேன். உங்களுக்குப் பதிலா ஒரு கல்லைத் தூக்கி ஓட்டையில வச்சாக்கூட உபயோகமா இருக்கும், உங்களை வீட்ல எப்படித்தான் வச்சுக் காலம் தள்றாங்களோ என்றுகூடக் கேட்டேன். கடையில் பத்துமுறை ஃப்ரேம் மாற்றுகிறவரிடம்கூட முகம் சுளிக்காத நான்தான் இப்படி. முகம் தெரியாத இடத்தில் வாய் நீண்டுவிடுகிறது. பேக்கரிக்காரர் ஒருநாள், விடுங்கக்கா, பாவம், தினம் தவறாம வர்றாரில்ல என்றார். நான் கேட்கவில்லை.

சும்மா வந்தவர் ஆடிய அந்த இரண்டு வாரமும் அப்பா பணிமனையிலிருந்து தாமதமாகவே வந்தார். கேட்டால் ஒரு பஸ்ஸில் கியர்பாக்ஸ் மக்கர் என்பார். ஒரு வியாழக்கிழமை வீட்டில் நெட் போய்விட்டது, ஆட்டம் இல்லை, வெளியே நல்ல மழை. சரி, முழங்கால்காரர் நனைய வேண்டாமே என்று குடையை எடுத்துக்கொண்டு நானே பணிமனைக்குப் போனேன். பஸ்ஸுக்கு அடியில் ஒருவரும் இல்லை. மெக்கானிக்குகள் சாப்பிடுகிற அறையில் விளக்கு எரிந்தது, வாசலை அடைத்துக்கொண்டு ஆறேழு முதுகுகள். நான், கொஞ்சம் வழி விடுங்க, உள்ள யாரு இருக்கா என்றுதான் கேட்டேன். அத்தனை முதுகும் அப்படியே விறைத்துப்போயின. பெயிண்டர் ஒருவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார், பிறகு உள்ளே பார்த்து, அண்ணே, கேப்டன் வந்துட்டாங்க என்றார்.

உள்ளே டிவிக்கு முன்னால் உன் அப்பா. கையில் தொழிலாளர்கள் சேர்ந்து வாங்கிய கன்சோலின் கன்ட்ரோலர். திரையில் கேப்டன் இல்லாமல் கிளம்பாது நிற்கிற என் கப்பல், மூலையில் ‘சும்மா வந்தவர்’. ஒரு போல்ட்டை முடுக்கினால் மூன்று தரம் தொட்டுப் பார்க்கிற மனிதரோடு இருபத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு, அந்த ஓட்டையைத் தொட்டுப் பார்க்கிற கை யாருடையது என்று தெரியவில்லையே.

ஒரே குடையில் நடந்து வந்தோம். ஏன் இப்படி என்று கேட்டேன். குடையை என் பக்கம் சாய்த்துவிட்டு, பொண்ணு போனதுலேர்ந்து நீ ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு உக்காந்துடற, வீட்ல ஒரு சத்தமும் இல்ல, அங்க போனா உன் குரலாவது கேட்குது, கப்பல் பேரைத் திரையில பார்த்து வச்சிருந்தேன், அவ்ளோதான் என்றார். நான் பேசியதெல்லாம் உறுத்தவில்லையா என்றேன். முதல்ல எல்லாரும் சிரிச்சோம், நானும்தான், அந்தக் கல்லுன்னு சொன்ன அன்னிக்கு மட்டும் பசங்க யாரும் சிரிக்கல, ஒருத்தன் எழுந்து போய் டிவி சத்தத்தைக் குறைச்சுட்டான் என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் தெருவில் நடக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் அவரைப் பணிமனையிலேயே இருந்து ஆடச் சொன்னேன், டிவி சத்தத்தை முழுக்க வைக்கச் சொன்னேன். ஆறு மணிக்குக் கப்பலைக் கிளப்பும் முன்னால் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, சும்மா வந்தவரை நான் பேசினது தப்பு, அவர் யாரா இருந்தாலும் தப்பு, என்னை மன்னிக்கணும் என்றேன். வீட்டுக்காரர் என்பதால் கேட்கவில்லை வாலு. அது வேறு யாராக இருந்தாலும் யாரோ ஒரு வீட்டு மனிதர்தானே, அவரைத் தேடிப்போய்க் கேட்க எனக்கு வழியே இருந்திருக்காது, அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. அப்புறம் அவர் மைக் முதல்தடவையாகத் திறந்தது. ஓட்டை அடைச்சாச்சு கேப்டன், கிளம்பலாம் என்றார். பின்னால் மெக்கானிக்குகள் கைதட்டியது கடலையும் தாண்டிக் கேட்டது. அவர் என் வீட்டுக்காரர் என்று சொன்னபோது நர்ஸ் சிரித்த சிரிப்பில் பாயை விட்டுவிட்டாள், அன்றைக்கும் கப்பல் முழுகியது.

இப்போது இன்னொரு கன்சோல் வந்து, கூடத்தில் இரண்டு திரையுமாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுகிறோம், ஹெட்ஃபோன் அலமாரியில் தூங்குகிறது. போன ஞாயிறு பேக்கரிக்காரருக்குப் பதில் புதிதாக ஒருவர் வந்து, வந்த வேகத்தில் கப்பலைப் பாறையில் கொண்டுபோய் ஏற்றினார். அப்பா என் முகத்தையே பார்த்தார். நான் தண்ணீர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, பரவாயில்லைங்க, நீந்தி வாங்க, காத்திருக்கோம் என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

நீயும் அங்கே ஆடும்போது வாயைக் காத்துக்கொள், உன் வாய் யார் வழியில் வந்தது என்று எனக்குத் தெரியும். யாராவது உன்னைக் கண்டபடி பேசினால் பதில் பேசாதே, பேசாமல் வாங்கிக்கொள்ளவும் வேண்டாம், புகார் கொடுத்துவிட்டு எழுந்துபோய் நன்றாகச் சாப்பிடு. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், உடம்பும் மனசும் நோயில்லாமல் இருக்கட்டும். எப்போது வேண்டுமானாலும் போன் பண்ணு, ஆறிலிருந்து ஏழு வரைக்கும் மட்டும் வேண்டாம், எங்கள் இருவருக்குமே கை ஒழியாது.

இப்படிக்கு,
உன்னை நினைக்காத நாளில்லாத
அம்மா