எதிர்ப்பக்கம் சரியும் கோடுகள்

அன்புள்ள உங்களுக்கு,

பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கடிதமா என்று சிரிக்காதீர்கள். நேரில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவீர்கள்.

என் படங்களை யாரோ திருத்துகிறார்கள். நான் இடது கையால் தீட்டுகிறவள்; என் கோடுகள் ஒரே பக்கமாகத்தான் சரியும். நான் வரைந்த தோட்டக்காரரின் படத்தில் கழுத்து நிழல் மட்டும் எதிர்ப்பக்கம் சரிந்திருக்கிறது. கண்காட்சியில் எல்லோரும் வாயாரப் புகழ்ந்தது அந்தக் கழுத்தைத்தான்.

அப்பா விட்டுப்போன சொத்தில் நான் ஆதரிக்கும் இளம் ஓவியர்களைத்தான் முதலில் சந்தேகித்தேன். ஆனால் மதியம் நான் தூங்கும்போது நான் படம் தீட்டும் மாடி அறையின் சாவி உங்களிடம் அல்லவா இருக்கிறது?

நான் முதன்முதலில் விலைக்கு வாங்கியது உங்கள் ஓவியத்தை. நமக்குக் கல்யாணமானதும், "ஒரு வீட்ல ஒருத்தர் வரைஞ்சா போதும்" என்று தூரிகையைக் கீழே வைத்தீர்கள். நானும் நம்பித் தொலைத்தேன். நேற்று உங்கள் சட்டைக் கையில் நீலம். கேட்டதற்கு, "பேனா கசிஞ்சிருச்சு" என்றீர்கள். பேனா மையில் வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாடை அடிக்குமா?

இன்று நான் எதையும் தீட்டவில்லை. வெறும் கித்தான்தான் நிற்கிறது. வண்ணத் தட்டை வலது கைக்கு வாகாக வைத்துவிட்டுப் படுக்கப் போகிறேன். தூங்குவேனா என்று சொல்ல மாட்டேன்.

முடித்ததும் கீழே என் பெயரைப் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் இடதுகைக்காரி