அவர் இருமலை அறிந்த பெட்டி

என் கண்ணுக்கு,

சுவரில் நீ மாட்டிய ஏ.ஐ. பெட்டியைக் கழற்ற நேற்று ஆள் வந்தார். அப்பா இருமினால் தையல் கடையில் இருக்கும் என் போனை அடிக்க வைக்குமே, அதேதான். போன் தனியாகச் செய்ய முடியாத வேலையை, சத்தத்தை எங்கோ தூரத்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பாமல், வீட்டிலேயே அது செய்யும் என்றாய்.

"கழட்டினா இது கத்து வச்சிருக்கிற ஐயாவோட இருமல் அழிஞ்சிரும்மா. வேற எங்கயும் இல்ல. பரவால்லையா?"

"அது என்ன, என் சோத்துல பங்கா கேக்குது? போப்பா" என்று அனுப்பிவிட்டேன்.

கோபப்படாதே. அப்பா தவறிய இந்த மூன்று மாதத்தில், அவரைப் போலவே பலமுறை இருமிப் பார்த்துவிட்டேன். போன் அடிக்கவேயில்லை. முப்பது வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்கு அந்தச் சத்தம் நழுவிக்கொண்டே போகிறது. அந்தப் பெட்டிக்கு நினைவிருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், கண்ணு.

உன் அம்மா