முதல் பாடத்தின் மௌனம்

மார்ச் 4

வாத்தியாருக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. என் மகள் இறந்து ஏழு மாதங்களாகின்றன. உன் பாரசீகப் பாடங்களுக்காக அவள் பதிவுசெய்து தந்த குரலை இன்னமும் உன் இணையதளத்தில் ஓடவிட்டிருக்கிறாய். எவரைக் கேட்டு?

அவள் அம்மா தினமும் சமையலறையில் முதல் பாடத்தைப் போடுகிறாள். "மன் ஈன்ஜா ஹஸ்தம்" என்கிறது குரல். பிறகு, மாணவர் திருப்பிச் சொல்வதற்காக நீ விட்டுவைத்திருக்கும் மௌனம். என் மனைவி திருப்பிச் சொல்வதில்லை. "சாப்டியாடி? ஏன் குரல் கம்முது?" என்று கேட்கிறாள். குரல் மறுபடியும் அதையே சொல்கிறது. அவளுக்கு அது பதிலாகிவிடுகிறது, சிரிக்கிறாள். நான் அருகே போனால், "உஷ், பேசிட்டிருக்கோம்ல" என்கிறாள்.

எல்லாப் பாடங்களையும் அழித்துவிடு. பிரதி எதையும் வைத்துக்கொள்ளாதே. இதை வேண்டுகோளாக எழுதவில்லை.

உன் முன்னாள் அறைத்தோழன்


மார்ச் 11

அன்புள்ள நீதிபதிக்கு,

விடுதியில் உடைந்த வாளிக்குக்கூடத் தீர்ப்பு எழுதியவன் நீ. உன்னிடம் மேல்முறையீடு கிடையாது என்பது எனக்குத் தெரியும். உன்னைக் கேட்காதது தப்புதான். எடுக்கக் கை வரவில்லை. நேற்று அழித்துவிட்டேன். பிரதியும் இல்லை.

அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. மன் என்றால் நான். ஈன்ஜா, இங்கே. ஹஸ்தம், இருக்கிறேன். நம்மைப் போலவே அவர்களும் வினையைக் கடைசியில்தான் வைக்கிறார்கள். முதல் பாடத்துக்கு இதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தது அவள்தான். "வகுப்புல ஆஜர் சொல்ற மாதிரி இருக்கும் மாமா, யாரும் வெக்கப்பட மாட்டாங்க" என்றாள்.

சமையலறையில் தங்கச்சியைத் தனியே விடாதே.

என்றும் உன்,
வாத்தியார்


மார்ச் 19

வாத்தியாருக்கு,

உன்மீதுள்ள கோபம் தணியவில்லை. அதை ஒருபுறம் வைத்துவிட்டு எழுதுகிறேன்.

பாடம் நின்றதும் கைபேசியைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். "நெட் இல்லையாங்க?" என்றாள். இந்த ஏழு மாதத்தில் அவளாக என்னிடம் கேட்ட ஒரே கேள்வி. "தெரியல" என்றேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

நேற்று மாலை கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். சமையலறையிலிருந்து, "மன் ஈன்ஜா ஹஸ்தம்." என் மகளின் குரல். அதே இழுப்பு, முடிவில் அதே சின்ன மூச்சு. நீ என்னை ஏமாற்றிவிட்டாய் என்றே எழுந்து ஓடினேன்.

கைபேசி மேடைமேல் அணைந்து கிடந்தது. என் மனைவி எனக்கு முதுகைக் காட்டியபடி அடுப்பருகே நின்றிருந்தாள். மறுபடியும் சொன்னாள். சொல்லிவிட்டு நிறுத்தினாள். நீ விட்டுவைத்த அதே நீள மௌனம்.

"நான் இருக்கேம்மா" என்றேன். அவள் திரும்பவில்லை. மீண்டும் அதே வாக்கியம், அதே மௌனம்.

இன்று காலையிலிருந்தும் அப்படித்தான்.

'நானும் இங்கேதான் இருக்கிறேன்' என்பதை அந்த மொழியில் எப்படிச் சொல்ல வேண்டும்? ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, உச்சரிப்போடு எழுது. தாமதிக்காதே.

நீதிபதி