விருந்தினர் ஒருவருக்கு ஏழு கலம்

நன்று நிலைபெறுக. மூன்று கழிமுகங்களுக்கும் காவலராய், அலைவாய்த் துறைகளுக்கு உரியவராய், உப்பும் முத்தும் விளையும் வெண்கழி நாட்டை முறை தவறாது ஆண்டுவரும் கடற்காவலர் பெருஞ்சேந்த மன்னர், மேற்குக் குன்றங்களின் வாயிலைக் காப்பவரும், ஆயிரம் யானைகளுக்குத் தலைவருமாகிய குன்றவாயில் வேந்தர் மழவரையர் காணும்படி விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டு வயல்கள் விளைக. தங்கள் குடிகளின் அடுப்புகள் எரிக. தங்கள் ஆநிரைகள் பெருகுக. தங்களுக்கென்று தனி வாழ்த்து எதுவும் இவ்வோலையில் இல்லை. அது எழுதுவோன் மறதியால் விடுபட்டதன்று. மன்னரின் ஆணையால் விடப்பட்டது.

சென்ற அறுவடையின்போது எங்கள் இளவரசி ஆழிநங்கையைத் தங்கள் மகன் வயிரமேகருக்கு மணம் செய்விப்பதென்று இரு நாட்டாரும் கைகொடுத்ததைத் தாங்கள் அறிவீர்கள். அதன்பின் கார்த்திகையில் கடல் கரையேறியதையும், கீழைக்கரை வயல்கள் உப்பேறிக் கிடப்பதையும் அறிவீர்கள். ஆறுதல் சொல்லத் தங்களிடமிருந்து ஆள் வரவில்லை. பங்குனியில் நடக்கும் திருமணத்துக்குப் பதினையாயிரம் பேருடன் வருவோம், ஐந்து நாள் தங்குவோம், ஒவ்வொருவருக்கும் பட்டும் பரிசும் வேண்டும் என்ற ஓலைதான் வந்தது.

அந்த ஓலையை எங்கள் மன்னர் பெரும்பண்டாரத்து அதிகாரிச்சி நிறைமதியாரிடம் கொடுத்தார். நாட்டின் நெல் முழுவதற்கும் பொறுப்பானவர் அவர். தங்கள் அவையில் நின்றவரும் அவரே. ஆதலால் அவர் இன்னார் என்பதைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். படைத்தலைவர் குடியில் பிறந்தவர். இரு மன்னர்களின் காலத்தில் பண்டாரத்தை ஆண்டவர். இனிமையாகப் பேசத் தெரியாதவர். அவர் அவைக்குள் நுழைந்தால் எங்கள் அமைச்சர்களில் பாதிப் பேர் வேறு வேலையை நினைத்துக்கொள்வார்கள்.

அவர் மடைப்பள்ளித் தலைவரையும், ஓடக்காரர்களையும், நெசவுச்சேரிப் பெரியவர்களையும் அழைத்து உட்காரவைத்தார். ஐந்து நாள் விருந்துக்கு ஒருவர் உண்ணும் சோறு, நெய், வெல்லம், வெற்றிலை, அவர் உடுத்திப்போகும் பட்டு, அவரை ஏற்றிவரும் ஓடத்தின் கூலி, அவர் குதிரை தின்னும் கொள் எல்லாவற்றையும் நெல்லின் விலையாக்கிக் கூட்டிப் பார்த்தார். விருந்தினர் ஒருவருக்கு ஏழு கலம் நெல் என்று வந்தது. மடைப்பள்ளித் தலைவர் நெய்யைக் குறைக்கலாம் என்றார். நெசவாளர்கள் பட்டுக்குப் பதில் பருத்தி என்றார்கள். குறைத்துக் குறைத்துப் பார்த்தும் ஆறரைக்குக் கீழே இறங்கவில்லை. கடல் புகுந்த ஊர்களில் நான்கு பேர் உள்ள ஒரு வீடு ஏழு கலத்தை வைத்துக்கொண்டு கோடை முழுவதையும் கடந்துவிடும்.

நிறைமதியார் அந்தக் கணக்கோடு மன்னரிடம் போனார். பதினையாயிரம் பேர் வந்தால் களஞ்சியத்தில் உள்ளதைப் போல் இருமடங்கு நெல் வேண்டும் என்றார். மன்னர், "ஒரே மகள், நிறைமதி. குறைத்தால் ஊர் என்ன பேசும்?" என்றார்.

"பேச ஊர் இருக்க வேண்டுமே, அரசே" என்றார் அவர். "வருகிற ஒவ்வொருவரும் ஒரு வீட்டின் சோற்றைத் தின்றுவிட்டுப் போவார். நாலாயிரம் பேரென்றால் தாங்குவோம். கரையூர்களுக்கும் மிஞ்சும். அதற்கு மேல் ஒருவர் வந்தாலும் எந்த வீட்டுக்கு நெல் இல்லையென்று சொல்வது? நீங்களே சொல்லுங்கள், நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்."

மன்னர் எந்த வீட்டையும் சொல்லவில்லை. நாலாயிரம் என்றே முடிவாயிற்று. அதைப் பணிவோடு எடுத்துச் சொல்லி ஒப்புதல் பெற்றுவர நிறைமதியாரே ஆற்றின் வழியே தங்கள் தலைநகருக்குப் புறப்பட்டார். எப்படியும் சம்மதிப்பீர்கள் என்றே அவர் நம்பினார். இழப்பு கண்ட வீட்டில் பெண்ணெடுப்பவர்கள் ஆள் குறைத்து வருவது எந்த நாட்டிலும் வழக்கம்தானே என்று படகோட்டியிடம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாராம்.

இனி நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். ஆயினும் தங்கள் அவையில் சிரித்தவர்கள் அதை வேறுவிதமாக எழுதிவைத்திருக்கக்கூடும் என்பதால், நிறைமதியார் வாயால் கேட்டபடியே இங்கே எழுதப்படுகிறது.

அரச தூதுக்குரிய குடை பிடித்து வந்தவரைத் தங்கள் கோட்டைக்காவலர் யானைக் கொட்டிலின் பக்கம் நிற்கவைத்தார்கள். வெயில் சாய்ந்த பிறகு உள்ளே அழைத்தார்கள். அது மந்திர அவையும் அன்று. தாங்கள் சுற்றத்தாரோடு விருந்துண்டுகொண்டிருந்த கூடம். இருக்கை தரவில்லை. நின்றபடியே அவர் செய்தியைச் சொன்னார். கடல் புகுந்ததைச் சொன்னார், நாலாயிரம் பேரைக் கண்ணினும் மேலாக உபசரிப்போம் என்றார், ஒருவருக்கு ஆகும் செலவையும் மறைக்காமல் சொன்னார். தங்கள் மைத்துனரும் சேனாபதியுமாகிய நுளம்பதரையர் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு உரக்கச் சிரித்தார்.

"பெண்ணைக் கொடுக்கிற வீட்டிலே சோற்றைத் தலைக்கு இவ்வளவென்று அளக்கிறார்களா? அப்படியென்றால் எங்கள் ஆட்கள் மடியில் அரிசி கட்டிக்கொண்டு வரட்டுமா?"

கூடம் முழுதும் சிரித்தது. நிறைமதியார் வந்த காரியத்தை நினைத்துக் குரலை உயர்த்தாமலே, "கட்டிக்கொண்டு வந்தால் தாராளமாகப் பதினையாயிரம் பேரும் வரலாம், சேனாபதி. உலை நாங்கள் வைத்துத் தருகிறோம்" என்றார்.

சிரிப்பு அப்போது நின்றது. அதன்பின் தாங்களே வாய் திறந்தீர்கள். களஞ்சியம் போதாவிட்டால் கரையூர்களில் மணவரி விதித்து வாங்கும்படி சொன்னீர்கள். அங்கே எடுக்க ஒன்றுமில்லை என்று அவர் சொன்னபோது, "மீன் பிடிக்கிறவர்கள் மீனைத் தின்னட்டும், நெல் எதற்கு?" என்றீர்கள். அந்த ஊர்களில் வலையும் படகும் கடலோடு போய்விட்டன என்று அவர் விளக்கத் தொடங்கியதைத் தாங்கள் கேட்கவில்லை, பாயசம் கேட்டீர்கள்.

அப்போதுதான் அவர் தங்களை விட்டுவிட்டு, தங்கள் வலப்பக்கம் அமர்ந்திருந்த இளவரசர் பக்கம் திரும்பினார். மணக்கப்போகிறவர் இவர்தானே, இவரிடம் ஒரு சொல் கேட்டால் என்ன என்று தோன்றியதாகச் சொல்கிறார். "இளவரசே, அந்தப் பதினையாயிரம் பேரில் உங்களுக்கு முகம் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களை மட்டும் அழைத்து வாருங்கள். எங்கள் நங்கைக்கு அது போதும்" என்றார்.

வயிரமேகர் தந்தையைப் பார்த்தார். பிறகு மாமனைப் பார்த்தார். பிறகு இலையில் இருந்த பலாச்சுளையைப் பிய்த்தபடி, "அப்பா சொல்வதுதான்" என்றார்.

விடைபெறும்போது நுளம்பதரையர் நெல் அளக்கும் ஒரு மரக்காலில் உமியை நிரப்பி, அதன்மேல் பட்டுத்துணி போர்த்தி, "முதல் விருந்தினரின் பங்கை எங்கள் செலவில் பெற்றுக்கொள்ளுங்கள்" என்று கூடத்தார் முன்னிலையில் நிறைமதியார் கையில் கொடுத்தார். தாங்கள் தடுக்கவில்லை. அவர் அதைக் கீழே வைக்கவும் இல்லை. திரும்பும் வழியெல்லாம் படகில் மடியிலேயே வைத்திருந்தார். ஆற்றில் கொட்டிவிடுங்கள் தாயே என்று படகோட்டி கெஞ்சினானாம். இது எனக்குக் கொடுத்ததில்லை, கொட்ட எனக்கு உரிமையில்லை என்று சொல்லிவிட்டாராம்.

எங்கள் அவையில் அந்த மரக்காலை இறக்கிவைத்து அவர் நடந்ததைச் சொன்னபோது எங்கள் படைத்தலைவர்கள் வாளைத் தொட்டார்கள். மன்னர் முகம் கறுத்தது. இளவரசி ஆழிநங்கை மட்டும் எழுந்துவந்து உமிக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவர் என்ன சொன்னார்?"

இளவரசி வயிரமேகரின் உருவம் தீட்டிய பலகையைத் தன் அறையில் வைத்திருப்பது நிறைமதியாருக்குத் தெரியும். இளையவர், பெரியவர்கள் நடுவே என்ன பேசுவார் என்று மழுப்பப் பார்த்தார். இளவரசி விடவில்லை. கடைசியில் வயிரமேகர் சொன்ன சொல்லையும், பலாச்சுளையையும் சொல்ல வேண்டியதாயிற்று.

இளவரசி கையை உதறிக்கொண்டார். "எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி இனி யாரும் அங்கே போக வேண்டாம், அப்பா. எனக்கு இவர் வேண்டாம்" என்றார்.

மன்னர் உடனே இசைந்துவிடவில்லை. ஆற்றின் தலைமடை தங்கள் கையில் இருப்பதை அவர் நினைத்தார்; தாங்கள் சினந்து நீரை மறித்தால் மீந்த வயல்களும் காயும் என்று சொன்னார். தன் நாக்குத்தான் இந்த மணத்தைக் கெடுத்ததோ என்ற எண்ணம் படகிலேயே நிறைமதியாரை அரிக்கத் தொடங்கியிருந்தது. வாழ்நாளில் ஒருவரிடமும் தலை தாழ்த்தாத அவர், "நான் மறுபடி போகிறேன், அரசே. சேனாபதியிடம் சொன்னதற்குப் பொறுத்தருளச் சொல்லிக் கேட்கிறேன். நாடு பெரிதா, என் மானம் பெரிதா?" என்றார்.

"நீங்கள் போனால் நானும் கூட வந்து நிற்பேன்" என்றார் இளவரசி. "சோறில்லாதவனுக்கு நெல் வேண்டும் என்று கேட்டது நாட்டுக்காகத்தானே? அதற்கு நீங்கள் பொறுத்தருளச் சொன்னால், நாளைக்கு அந்த வீட்டில் நான் எதைக் கேட்டாலும் பொறுத்தருளச் சொல்ல வேண்டும். ஆற்றை மறித்தால் மறிக்கட்டும். அதை நம் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்."

நிறைமதியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் இருக்கையில் போய் அமர்ந்தார். மன்னர் எழுத்தாணி கொண்டுவரச் சொன்னார்.

ஆகவே வெண்கழி வேந்தரின் ஆணையாகத் தாங்கள் அறிய வேண்டுவது. மணவுறுதி இன்றோடு முறிந்தது. தாங்கள் அனுப்பிய அணிகளும் வெண்குதிரையும், தீட்டிய பலகையும் இவ்வோலையோடு வருகின்றன. சரிபார்த்துக் கைச்சாத்து அனுப்புக. பந்தலிட முன்னதாக வந்து எங்கள் துறையில் கூடாரமடித்து, கேட்காமலே புன்னைமரங்களை வெட்டத் தொடங்கிய தங்கள் ஆட்களுக்கு இன்று வயிறார உணவிட்டாயிற்று. நாளை சூரியன் மறைவதற்குள் அவர்கள் எல்லை கடக்க வேண்டும். மறுநாள் காணப்படுவோர் விருந்தினராகக் கருதப்பட மாட்டார்கள். திருமணத்துக்கென்று ஒதுக்கிய நெல், முன்பு குறித்த அதே முகூர்த்த நாளில் கீழைக்கரை ஊர்களுக்கு அளக்கப்படும், அளப்பவர் நிறைமதியாரே. நுளம்பதரையர் அவரை அவமதித்த அதே கூடத்தில் எழுந்து நின்று, அங்கிருந்த அதே சுற்றத்தார் கேட்கத் தம் பிழையை ஒப்புக்கொண்டு எழுதி அனுப்பும்வரை, தங்கள் நாட்டு வண்டி ஒன்றுக்கும் எங்கள் உப்பளங்களில் உப்பு அளக்கப்பட மாட்டாது. தலைமடை மறிக்கப்படுமாயின் மறித்த கற்களை எடுக்க எங்கள் வில்லவர் வருவார்கள். அவர்கள் எத்தனை பேர் என்று முன்கூட்டி ஓலை அனுப்பும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

இவ்வோலைக்கு விடை எழுதுவதாயின் மன்னருக்கு எழுத வேண்டா. இன்று முதல் வெண்கழியின் இளவரசுப் பட்டம் ஆழிநங்கைக்கு உரியது; அவருக்கு எழுதுக. கீழே உள்ள சங்கு முத்திரை அவர் கையால் இட்டது. முத்திரையிடுமுன் ஓலையை முழுதும் படித்துவிட்டு, வயிரமேகருக்கு என்று அவர் தம் கைப்பட எழுதிய வரி இது:

"அந்தக் கூடத்தில் நீங்கள் எழுந்து நின்றிருந்தால் போதும். ஒரு விருந்தினரும் இல்லாமல் உங்களை மணந்திருப்பேன்."

இது வெண்கழி வேந்தர் ஆணை. இது இளவரசியார் முத்திரை. எழுதினேன், அரண்மனை ஓலைநாயகம் மாங்குடி அரங்கன். மாற்றமில்லை.