தோப்புக்காரனுக்கு இளநீர் இல்லை

சொல்பேச்சுக் கேளாத என் பிரியமானவரே,

உங்கள் தம்பி தங்கவேலு நேற்று மகாராஜபுரத்திலிருந்து வந்தான். வழக்கமாகத் தோளில் தொங்கும் இளநீர்க் குலை இல்லை. கால்கள் வீங்கிச் செருப்பு வாரை மீறிப் பிதுங்கின. நான்கு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கான்வென்டில் படித்தவள் இப்படி எழுதலாமா? பொய் எழுதக் கூடாது என்றுதான் அங்கே முதலில் சொல்லிக்கொடுத்தார்கள்.

உங்களுக்கும் இப்படித்தான் தொடங்கியது. இதயம் சரியாக இறைக்காததால் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைந்தது. சிறுநீரகம் சோர்ந்ததும் நீர் உடம்பிலேயே தங்கி, அந்தச் சுமையும் இதயத்தின் மேல் ஏறியது. "ரெண்டும் ஒரே வண்டி மாடும்மா. ஒண்ணு படுத்தா மத்தது இழுக்காது" என்றார் டாக்டர். இளநீர் மட்டும் கூடவே கூடாது, அதிலுள்ள பொட்டாசியத்தை உங்கள் சிறுநீரகம் வெளியேற்றாது, ரத்தத்தில் சேர்ந்தால் இதயத்தையே நிறுத்திவிடும் என்றார். சிவப்பு மையில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். வாசித்தீர்கள் அல்லவா?

உங்கள் மாத்திரை வாங்க நான் ராஜபாளையம் போன நாளெல்லாம் அவன் இளநீர் சீவிக் கொடுத்திருக்கிறான். கடைசி முறை நான் ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பியபோது வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர், "இளநி குடுத்தீங்களா?" என்று கேட்டார். என் வீட்டில் அப்படி நடக்காது என்று நிமிர்ந்து சொன்னேன். பதினாறாம் நாள் பந்தியில் உங்கள் தம்பி அழுதான்: "மதினிக்குத் தெரியாம குடுத்தேன். அண்ணன் கடைசியாக் குடிச்சது எந்தோப்புத் தண்ணி!" ஊரே உச்சுக் கொட்டியது. அதனால் இந்தக் கடிதத்தையும் ஊர் படிக்கட்டும்.

ஒரு வருடமாக அவனுடன் பேசவில்லை. நேற்றும் உட்காரச் சொல்லவில்லை.

"மதினி, எனக்கும் ஹார்ட்டு, கிட்னி ரெண்டுமே போச்சாம். எழுதிக் குடுத்தது ஒண்ணும் வெளங்கல. அண்ணனுக்கு எப்படிப் பாத்திய?"

சுவரிலிருந்த தாளைப் பிய்த்து நீட்டினேன். "சத்தமா வாசி."

வாசித்தான். இளநீர் என்ற இடத்தில் குரல் நின்றது. மறுபடி வாசிக்கச் சொன்னேன்.

"அப்போ நானா, மதினி?"

"நீதான்."

தாளை மடித்தபடி சொன்னான்: "அண்ணந்தான் கேட்டாவ. 'நாக்கு வறளுதுலே, ஒம் மதினி வாரதுக்குள்ள ஒண்ணு சீவு'ன்னாவ."

உண்மையா?

நான் சும்மா இருந்திருந்தால் போதும். தன் தோப்பு இளநீரைக் குடித்தே அவன் உங்களிடம் வந்துவிடுவான். அவ்வளவு லேசாக விட எனக்கு மனமில்லை. தண்ணீரை அளந்து குடிக்க உங்கள் எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்தேன். வாராவாரம் வந்து என் முன்னால் எடை பார்க்க வேண்டும், தாளை வாசித்துக் காட்ட வேண்டும்.

சத்தியமாகச் சொல்கிறேன், அவனைச் சாக விடமாட்டேன். குலை தள்ளிய மரங்களுக்கு நடுவே, நாக்கு வறண்டு, நெடுங்காலம் இருப்பான். நீங்களோ, நான் வந்து சேருவதற்குள் ஒரு நல்ல பதிலை யோசித்து வையுங்கள்.

உங்கள் மனைவி,
தங்கவேலுவின் மதினி